தேடியும் கிடைக்கப்பெறவில்லை

ஜூலை 3, வியாழன்

சட்டம் வந்துவிட்டது. வரலாற்று ஆவணங்களைப் பாதுகாக்கவும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும் மாநில அரசு தனிச் சட்டமே போட்டிருக்கிறது. பதினெட்டுப் பக்கச் சட்டமும் அதற்கான சுற்றறிக்கையும் இன்று என் மேசைக்கு வந்தன. ஒவ்வொரு ஆட்சியர் அலுவலகத்திலும் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிகள் அமைத்து, பழைய ஆவணங்கள் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து மக்கள் பார்க்க வைக்க வேண்டும். ஆகஸ்ட் எட்டாம் தேதி திறப்பு விழா. அமைச்சர் வருகிறார்.

இதை எழுதியவர்களில் ஒருவராவது ஒரு பதிவறைக்குள் பத்து நிமிடம் நின்றிருப்பாரா? பன்னிரண்டு வருடமாக இந்த மாவட்டத்தின் பதிவறையைப் பார்த்துக்கொள்கிறேன். வடக்குச் சுவர் ஒழுகுகிறது என்று ஒன்பது முறை எழுதிக் கொடுத்தேன். எலிப்பொறி கேட்டால், அது எந்தச் செலவுத் தலைப்பின் கீழ் வரும் என்ற கேள்வியோடு கோப்பு திரும்பி வந்தது. கடைசியில் என் வீட்டுப் பொறியைக் கொண்டுவந்து வைத்தேன். இப்போது கண்ணாடிப் பெட்டியாம், உள்ளே மஞ்சள் விளக்காம். பழைய காகிதத்துக்கு வெளிச்சம் ஆகாது என்பது கூடவா தெரியாது?

மகன் கோகுலின் சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுக்க மறந்துவிட்டேன். காலையில் ஏழரைக்குக் கல்லூரிப் பேருந்து வந்துவிடும்.

ஜூலை 4, வெள்ளி

குழு போட்டுவிட்டார்கள். ஆட்சியரின் நேர்முக உதவியாளர் புருஷோத்தமன் தலைவர். பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர், ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், செய்தித் துறையிலிருந்து ஒருவர். பதிவறை உதவியாளர் வேதவல்லியின் பெயர் இல்லை. எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று இந்த மாவட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு ஒதுக்கியிருக்கும் வேலை, அவர்கள் போடும் பட்டியலைத் தட்டச்சு செய்து ஆறு பிரதி எடுப்பது.

ஏகாம்பரம் என்னோடு பதிவறையிலேயே இருக்கும் அலுவலக உதவியாளர். என்னைவிட ஒரு வயது இளையவர். “உடுங்கம்மா, கமிட்டில போட்டா டீயும் பிஸ்கட்டும்தான் கெடைக்கும்” என்றார். எனக்கு டீ வேண்டாம், மரியாதை வேண்டும்.

பழிக்குப் பழியாகச் சட்டத்தின் பதினெட்டுப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தேன். குழுவில் ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஜூலை 7, திங்கள்

மனு நாள். வெண்ணாங்குப்பம் காலனியிலிருந்து பூங்காவனம் வந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஊராட்சி வார்டு உறுப்பினர். எல்லாக் காகிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருப்பாள். மூன்று வருடமாக ஒரே கேள்வி.

“மேடம், அந்த 1933 ரெஜிஸ்டரு...”

“ஏம்மா, எத்தன தடவ சொல்றது? தேடிப் பாத்துட்டுத்தான எழுதிக் குடுத்திருக்கோம். இருந்தா குடுக்க மாட்டோமா?”

“இருக்குதுன்னு எங்கப்பா சொல்வாரு மேடம். சின்னப் புள்ளையில இந்த ஆபீசுக்கு வந்தப்ப பாத்தாராம். தோலு அட்டையாம், மேல கிரீடம் போட்டிருக்குமாம்.”

“உங்கப்பா சொன்னாருன்னு நான் நகல் குடுக்க முடியுமா?”

அவள் உறையை மூடிக்கொண்டு போனாள். எழுத்தில் பதில் கொடுத்த பிறகும் வாயால் திரும்பத் திரும்பக் கேட்பது என்ன பழக்கமோ. எரிச்சலாக வந்தது.

அவள் கேட்பது பஞ்சமி நிலப் பதிவேடு. வெள்ளைக்காரன் காலத்தில் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று அரசு ஒப்படைத்த நிலங்களின் விவரம் அதில் இருக்கும். அவர்களைத் தவிர வேறு யாரும் அந்த நிலத்தை வாங்க முடியாது. வாங்கினாலும் செல்லாது. அவள் பாட்டன் எல்லனுக்கும் இன்னும் பத்துப் பேருக்கும் ஊரில் பதினெட்டு ஏக்கர் கொடுத்தார்களாம். புறவழிச்சாலையை ஒட்டிய அந்த இடத்தில் இப்போது ஒரு பாலிடெக்னிக் நிற்கிறது. கொடுத்ததற்குச் சாட்சி அந்தப் பதிவேடு ஒன்றுதான் என்கிறாள்.

இந்த மாதிரி மனுக்களுக்கென்றே எனக்கு முன் இருந்தவர் ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்துவிட்டுப் போனார். ‘தேடியும் கிடைக்கப்பெறவில்லை.’ பஞ்சமி என்று யார் கேட்டாலும் அதைக் குத்தி அனுப்பிவிட வேண்டும். நகல் கொடுத்தால் மறுமாதமே சம்மன் வரும், கூண்டில் ஏறி நாம்தான் நிற்க வேண்டும் என்பார். நான் வரும்போது இருந்த வழக்கம் அது. நான் உண்டாக்கியதல்ல.

கோகுல் விரிவுரையாளராக இருப்பது அந்தப் பாலிடெக்னிக்கில்தான். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதால்தான் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

எரிவாயு உருளை வந்தது. முழங்கால் வலி.

ஜூலை 11, வெள்ளி

குழு பதிவறைக்கு எழுந்தருளியது. பொறியாளர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பேராசிரியர் மட்டும் ஆசையோடு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பஞ்ச காலத்துக் கஞ்சித்தொட்டிக் கணக்கு, ஏரி மதகு வரைபடம், ஜமீன் யானைக்குத் தீவனம் கேட்ட கடிதம் என்று பதினொன்று சேர்ந்தன. புருஷோத்தமனுக்குத் திருப்தி இல்லை.

“எல்லாம் ஒரே பழுப்புக் காகிதமா இருக்கே மேடம். கண்ணுக்கு எடுப்பா ஒண்ணு வேணாமா? அந்த அலமாரியில என்ன இருக்கு?”

மூன்றாவது அலமாரிச் சாவி என்னிடம் இல்லை என்றேன்.

“உங்க மேசை டிராயர்லதான் கீதும்மா” என்று ஏகாம்பரம் குறுக்கே விழுந்தார். “ஆயுத பூஜைக்குத் தொறந்தமே.”

திறந்தார்கள். முதல் கைக்கே அது வந்தது. தோல் அட்டை, நடுவில் பொன்னிறத்தில் கிரீடம். புருஷோத்தமனின் முகம் மலர்ந்துவிட்டது. “இதுதாங்க! போஸ்டருக்கும் இதையே போட்டுடலாம்.” ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அட்டையின் ஓரத்திலிருந்த சந்தனக் கறையை மட்டும் பேராசிரியர் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். சந்தனம் போனது. குங்குமம் போகவில்லை.

எங்கள் பதிவறையில் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பழைய பதிவேடுகள் சிலவற்றை வெளியே எடுத்து, தூசி தட்டி, பொட்டு வைத்து, மேசைமேல் அடுக்கிப் பூஜை போடுவோம். பொரி, சுண்டல் உண்டு. எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான்.

பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். பன்னிரண்டாவது வரியில் மட்டும் மூன்று பிழை. கீபோர்டு பழசு.

ஜூலை 12, சனி

விடுமுறை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன். கோகுல், “என்னம்மா, உம்முன்னு இருக்க?” என்று கேட்டான். குழுவில் என்னைப் போடாததைச் சொல்லிப் புலம்பினேன். அவனும் புருஷோத்தமனைத் திட்டினான். நல்ல பிள்ளை. நேர்காணலில் அவனைத்தான் முதலில் எடுத்தார்களாம்.

அவன் வேலைக்குச் சேர்ந்த வாரம் பாலிடெக்னிக் தாளாளர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். மரியாதைக்காகத்தான். காபி குடித்தார். பதிவறையைப் பற்றி ஏதோ கேட்டார், நானும் ஏதோ சொன்னேன். இப்போது நினைவில்லை.

ஜூலை 16, புதன்

சட்டத்தில் ஒரு படிவம் இருக்கிறது. காட்சிக்கு வைக்கும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் அதன் காப்பாளர் சான்று தர வேண்டும். காப்பாளர் யார் என்றால் பதிவறைப் பொறுப்பாளர், அதாவது நான். குழுவில் இடமில்லை, பொறுப்பில் மட்டும் இடம் உண்டு!

‘இவ்வாவணம் ........ ஆண்டு முதல் இவ்வலுவலகப் பாதுகாப்பில் தொடர்ந்து இருந்துவருகிறது எனச் சான்றளிக்கிறேன்.’ பதினொன்றை நிரப்பிக் கையெழுத்திட்டேன். பன்னிரண்டாவதை எடுத்து வைத்தேன். பிறகு தண்ணீர் குடித்தேன். பிறகு மின்சாரம் போய்விட்டது.

எனக்கு இப்படியொரு சங்கடத்தை உண்டாக்கத்தான் சென்னையில் உட்கார்ந்து சட்டம் போட்டார்கள் போலிருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

புருஷோத்தமன் கூப்பிட்டார்.

“பன்னண்டாவதுல எந்த வருசம் முதல்னு போடாம விட்டிருக்கீங்களே, ஏன்?”

சொன்னேன். அந்தப் பதிவேட்டைக் கேட்டு வந்த மனுக்களுக்கு அது இங்கே இல்லை என்று என் கையெழுத்தில் இரண்டு பதில் போயிருக்கிறது என்றேன். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் எழுந்து கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

“இதுக்கா பயந்தீங்க? சட்டம் வந்துச்சு, சுத்தம் பண்ணோம், கெடச்சுது. ‘சட்டத்தின்படி மேற்கொண்ட தூய்மைப் பணியின்போது கண்டெடுக்கப்பட்டது’ன்னு போடுங்க. கண்டெடுத்தது நீங்க. மேடையிலேயே அமைச்சர் கையால பொன்னாடை போட வைக்கிறேன்.”

“அப்போ அந்த அம்மாவுக்கு நகல் குடுத்துடலாமா சார்?”

“பட்டியல்ல ஏறினத வெளிய எடுக்கவோ நகல் எடுக்கவோ சென்னை ஆணையத்தோட அனுமதி வேணும். பிரிவு ஒம்பது. அவங்க அங்க எழுதிப் போடட்டும். ஆறு மாசமோ ஒரு வருசமோ ஆகும்.” கொஞ்சம் நிறுத்தி, “உங்களுக்கு ரிடையர்மென்ட்டுக்கு எவ்ளோ இருக்கு?” என்றார்.

“பதினோரு மாசம்.”

“அப்புறம் என்ன?”

ஓய்வுபெறும் நாளன்று மாலை ஐந்து மணிக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவை நீட்டுகிற அரசாங்கம் இது. ஓய்வூதியம் இல்லாமல் வருடக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

வெளியே வந்ததும் கோபம் தலைக்கேறியது. மக்கள் பார்க்க வேண்டும் என்று சட்டம், மக்கள் தொடக் கூடாது என்று அதே சட்டம். இருட்டு அலமாரியில் இருந்தவரைக்கும் நான் நினைத்தால் அரை மணி நேரத்தில் நகல் கொடுத்திருக்கலாம். வெளிச்சத்துக்கு வந்த பிறகு கொடுக்க முடியாதாம். என்ன நியாயம் இது!

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கோவிலில் கூட்டம். ‘கண்டெடுக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஜூலை 21, திங்கள்

பூங்காவனம் மறுபடியும் வந்தாள். உட்காரச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளுக்கும் ஆச்சரியமாக இருந்திருக்கும், நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள்.

பட்டா வழக்கு மாவட்ட வருவாய் அலுவலரிடம் இருக்கிறது. எங்கள் கட்டிடத்திலேயே முதல் மாடியில் அவர் அறை. ஆகஸ்ட் 12 கடைசி விசாரணையாம்.

“அன்னிக்குக் காயிதம் காட்டலன்னா பட்டாவ அவங்க பேருக்கே உறுதி பண்ணிடுவாராம் மேடம். பாலிடெக்னிக்காரங்க எதக் காட்றாங்கோ தெரியுமா? உங்க லெட்டரத்தான். கவருமென்ட்டே இல்லன்னு எழுதிக் குடுத்துடுச்சே, இவங்க கதை கட்றாங்கன்னு வக்கீல் சொல்றாரு. எனுக்கு வந்த லெட்டரு அவருகிட்ட எப்பிடிப் போச்சின்னே தெரியல.”

எனக்கும் தெரியாது என்றேன்.

மூன்றாவது மனுவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 24, வியாழன்

அந்த மனுவுக்குப் பதில் அனுப்பினேன். வழக்கமான பதில்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

செவ்வாயன்றே பெட்டிகள் வந்து இறங்கின. மூன்று நாளாகப் பதிவறையிலிருந்து ஆவணங்களைத் தூசி தட்டிச் சுமந்து கீழே வைக்கிறோம். ஆடிக் காற்றில் வளாகத்துப் புழுதி முழுவதும் வராந்தாவில்தான். நானும் ஏகாம்பரமும் தும்மித் தும்மிச் சாகிறோம். பெட்டிச் சாவிக்கொத்து காப்பாளரிடம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால் என் இடுப்பில் பன்னிரண்டு சாவி.

தோல் அட்டைப் பதிவேட்டைத் திறந்து வைக்கலாம் என்றார் பேராசிரியர். வேண்டாம், கிரீடம் தெரிய வேண்டும் என்றார் புருஷோத்தமன். அதனால் மூடியே வைத்தாயிற்று.

“மூடி வெச்சா ஜனங்க எதைப் படிப்பாங்க சார்?” என்றேன்.

“லேபிளப் படிக்கட்டும்.”

லேபிளில் எழுதியிருப்பது: ‘வெள்ளையர் காலத் தோல் அட்டைப் பதிவேடு, 1933. கலைநயம் மிக்க முத்திரை.’ உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சொல் கிடையாது. ஒரு மனிதரைக் கூட்டிவந்து மேடையேற்றி வாயைக் கட்டி, பாருங்கள் எவ்வளவு அழகான சட்டை என்று காட்டுகிற மாதிரி இருக்கிறது. பேராசிரியரும் பேசாமல் இருந்துவிட்டார். படித்தவர்களே இப்படி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விழா. குத்துவிளக்கு, நாதஸ்வரம், பள்ளிப் பிள்ளைகள் இருநூறு பேர். மறைந்து கிடந்த வரலாற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த வீரமங்கை என்று என்னை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பொன்னாடை போட்டார்கள். கைதட்டினார்கள். நாலு செய்தித்தாள்காரர்கள் என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

பன்னிரண்டு வருடத்தில் இந்த அலுவலகம் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொன்ன ஒன்றும் இதற்குத்தான்.

ஆகஸ்ட் 9, சனி

படம் செய்தித்தாளில் வந்துவிட்டது. மூன்றாம் பக்கம். கோகுல் அதைக் கைப்பேசியில் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறான். வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பூங்காவனம் வந்தாள். காலனியிலிருந்து ஏழெட்டுப் பேரைக் கூட்டிவந்திருந்தாள். கையில் செய்தித்தாள். என்னைப் பார்க்க வரவில்லை. நேரே பன்னிரண்டாவது பெட்டிக்குப் போய் நின்றாள். நான் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பிறகு அப்படி நிற்பது எனக்கே அசிங்கமாக இருந்ததால் முன்னால் வந்தேன்.

“கிரீடம்” என்றாள். “எங்கப்பா சொன்ன கிரீடம்.”

“இப்பத்தாம்மா கெடச்சுது. சுத்தம் பண்றப்போ...”

“எப்ப மேடம்?”

“போன மாசம்.”

அவள் குனிந்து கண்ணாடியில் மூக்கு படப் பார்த்தாள். விரலால் ஓரத்தைக் காட்டினாள்.

“இது குங்குமம். ஒண்ணுமேல ஒண்ணா வெச்சிருக்குது, அடியில கறுத்துப் போனது, மேல செவப்பா கீறது. வருசா வருசம் ஆயுத பூசைக்கு வெச்சிகினு வந்திருக்கீங்கோ. பொட்டு வெச்ச கையாலதான எனுக்கு லெட்டரும் எழுதுனீங்கோ?”

சுற்றிலும் ஆட்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். பொதுவிடத்தில் அரசு ஊழியரை இப்படிப் பேசக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். அந்த வாக்கியம் தயாராகத்தான் இருந்தது.

“எங்கப்பா சித்திரையில பூட்டாரு மேடம்” என்றாள். குரலை ஏற்றவில்லை. “எழுவத்தெட்டு வயசு. போறதுக்கு நாலு நாளு முன்னாடி உங்க ரெண்டாவது லெட்டரப் படிக்கச் சொன்னாரு. படிச்சேன். அப்பிடின்னா நான் பாத்தது கனாதானான்னு கேட்டாரு. ஆமாப்பா, கனாதான்னு சொன்னேன். என்னா பண்றது, கவருமென்ட்டு பொய் சொல்லுமா?”

பெட்டியைத் திறந்து ஒரே ஒரு பக்கம் காட்டச் சொன்னாள். பிரிவு ஒன்பது என்றேன். சொல்லும்போதே என் குரல் புருஷோத்தமனின் குரல் மாதிரி இருந்தது.

மாலையில் கோகுலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளாளர் வந்து காபி குடித்ததை, பூங்காவனத்துக்கு அனுப்பிய பதில்களின் அலுவலகப் பிரதியை அவருக்கு எடுத்துக் கொடுத்ததை, இங்கே முதல் தடவையாக எழுதுகிறேன். நினைவில்லை என்று முன்பு எழுதியது பொய். ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. “உங்க பையன் நம்ம பையன்மா” என்றார். நானும் தலையாட்டினேன்.

கோகுல் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அல்லது, விடும்மா, உன் ஓய்வூதியத்தைப் பார் என்பான் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், இரண்டாவதைத்தான் எதிர்பார்த்தேன்.

“நான் என் மார்க்கு வெச்சு உள்ள போனேன்னு நெனச்சிட்டிருந்தேம்மா” என்றான். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான்.

சட்டம் எழுதியவர்களைத் திட்டினேன், புருஷோத்தமனைத் திட்டினேன், பேராசிரியரையும் கீபோர்டையும்கூட விடவில்லை. ஜூலை மூன்றிலிருந்து திருப்பிப் படித்துப் பார்த்தேன். திட்ட வேண்டிய ஒருத்தியை மட்டும் எங்கும் திட்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பதினொன்றரைக்கு முதல் மாடியிலிருந்து அழைப்பு. பூங்காவனம் விசாரணையில், பதிவேடு கீழே பெட்டியில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். பாலிடெக்னிக் வக்கீல் என் இரண்டு பதிலின் பிரதியையும் காட்டி, இல்லாத பதிவேட்டை எப்படிப் பார்த்தாய் என்று கேட்டிருக்கிறார். அவள் ஜூலையில் நான் அனுப்பிய மூன்றாவது பதிலை உறையிலிருந்து எடுத்துத் தானே நீட்டியிருக்கிறாள். அதன் தேதி ஜூலை 24, பதிவேட்டை நான் ‘கண்டெடுத்த’ பிறகு. என்னை விளக்கம் கேட்கக் கூப்பிட்டார்கள்.

படிக்கட்டில் புருஷோத்தமன் வழிமறித்தார். “அது வேற ரெஜிஸ்டர், இது வேறன்னு சொல்லுங்க. ரெண்டு வார்த்த. மேல பேசாதீங்க.”

வருவாய் அலுவலர் இளையவர், இந்த மாவட்டத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சலிப்போடுதான் கேட்டார். “சொல்லுங்கம்மா. இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார். எப்பவும் இருந்துச்சு. மூணு பதிலும் பொய். நான்தான் எழுதினேன், தெரிஞ்சே எழுதினேன். கண்டெடுத்ததா குடுத்த சான்றும் பொய்.”

வக்கீல் ஏதோ பேச எழுந்தார். புருஷோத்தமன் கதவருகில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு வருடம் எல்லோர் மேலும் பட்ட கோபத்தைவிட இதைச் சொன்னது லேசாக இருந்தது.

“பதிவேட்டை மேல கொண்டுவர முடியுமா?” என்றார் அலுவலர்.

“முடியாது சார், பிரிவு ஒம்பது. வெளிய எடுக்கக் கூடாது, நகல் எடுக்கக் கூடாது. ஆனா படிக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல. பிரிவு மூணு, ‘பொதுமக்கள் அறியும் வண்ணம் வைக்கப்பட வேண்டும்’. எந்தப் பக்கம்னு தீர்மானிக்கிறது காப்பாளர். பதினெட்டுப் பக்கமும் படிச்சிருக்கேன். காப்பாளர் நான்தான். நீங்க கீழ வந்தா, பெட்டியிலேயே வெச்சுத் திறந்து காட்டுறேன்.”

அவர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு எழுந்தார். “உங்க மேல நடவடிக்கைக்கு நானே எழுத வேண்டியிருக்கும்மா, தெரியும்ல?”

“எழுதுங்க சார்.”

விசாரணை அறை முழுவதும் படியிறங்கிக் கீழே வந்தது. சுருக்கெழுத்தர், வக்கீல்கள், காலனி ஆட்கள், எதற்கோ வந்திருந்த ஜனங்கள் எல்லோரும் பெட்டியைச் சுற்றிக்கொண்டார்கள். சாவி கைக்குச் சிக்கவில்லை, ஏகாம்பரம் எடுத்துக் கொடுத்தார். அட்டையைத் திறந்தேன். நாற்பத்தேழாம் பக்கம். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அது தெரிந்து அலுவலர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

“சத்தமா வாசிங்க. பதிவு செய்யணும்.”

வெண்ணாங்குப்பம், சர்வே எண், ஒப்படைத்த தேதி. பிறகு பெயர்கள். பெயர், தகப்பன் பெயர், சாதி, விஸ்தீரணம் என்று நாலு கட்டம். ஒவ்வொருவருக்கும் பெயரையும் தகப்பன் பெயரையும் வாசித்துவிட்டு விஸ்தீரணத்துக்குப் போனேன். மூன்றாவது கட்டத்தை விட்டுவிட்டேன். அவ்வளவு பேர் நடுவில் அந்தச் சொல்லை வாயால் சொல்வது மரியாதையில்லை என்று எனக்குப் பட்டது. ஐந்தாவதாக எல்லன் வந்தார். மாரியின் மகன், ஓர் ஏக்கர் எழுபது சென்ட். காலனி ஆட்களில் யாரோ விசும்பினார்கள். பூங்காவனம் அழவில்லை. கண்ணாடி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என் விரல் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், ஒரு கட்டத்த உட்டுட்டுப் போறீங்களே” என்றாள்.

“அது... வேணாம்னுதாம்மா...”

“படிங்க மேடம். அதுக்காவத்தான் அந்த நெலத்தக் குடுத்தாங்கோ. அதுக்காவத்தான் புடுங்கிக்கினாங்கோ. அத உட்டுட்டா அந்தப் பக்கத்துல எங்களுக்கு இன்னா கீது?”

சுருக்கெழுத்தர் பென்சிலை நிறுத்திக் காத்திருந்தார். நான் விரலை மறுபடியும் முதல் பெயருக்குக் கொண்டுபோனேன். நாலு கட்டத்தையும் படித்தேன், பதினொரு பேருக்கும் படித்தேன்.